ஆங்கிலத்தில் பாசிவ் வாய்ஸ் எதற்கு?

பத்தாம் வகுப்பு வரை படித்த யாரையாவது தூக்கத்தில் எழுப்பி, ‘ராமா கில்ட் ராவணா’ என்பதைப் பாசிவ் வாய்ஸுக்கு மாற்றச் சொல்லுங்கள். கண்ணைத் திறக்காமலே ‘ராவணா வாஸ் கில்ட் பை ராமா’ என்று சொல்லிவிடுவார். செயப்படுபொருளை முன்னால் கொண்டுவா, நடுவில் ‘வாஸ்’ போடு, வினைச்சொல்லின் மூன்றாவது வடிவத்தை எழுது, எழுவாயைக் கடைசிக்குத் தள்ளி அதன் முன் ‘பை’ சேர். மதிப்பெண் கைக்கு வந்துவிடும். அதே ஆள் சில வருடங்கள் கழித்து வேலைக்கான நேர்காணலில் உட்கார்ந்து, ‘ஐ பார்ன் இன் மதுரை’ என்று ஆரம்பிப்பார். ‘ஐ வாஸ் பார்ன்’ என்பதும் பாசிவ்தான் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நம் வகுப்பறைகளில் பாசிவ் வாய்ஸை எப்படி மாற்றுவது என்று நன்றாகவே சொல்லித்தருகிறார்கள். எதற்காக அது என்பதைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர் எவரும் முதலில் ஓர் ஆக்டிவ் வாக்கியத்தை மனதுக்குள் கட்டி, அப்புறம் அதைப் புரட்டிப் போட்டுப் பேசுவதில்லை. அவர் வாயில் அது நேராகவே பாசிவாக வருகிறது. ஏன் வருகிறது என்பது தெரிந்துவிட்டால், மாற்றும் விதிகளில் பாதியை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

தமிழிலிருந்து தொடங்கலாம். ‘நாய் பையனைக் கடித்தது’ என்று சொல்லலாம். ‘பையனை நாய் கடித்தது’ என்றும் சொல்லலாம். நடந்தது ஒன்றுதான். ஆனால் முதல் வாக்கியம் நாயைப் பற்றியது. இரண்டாவது பையனைப் பற்றியது. பையன் எங்கே நின்றாலும் அவனோடு ஒட்டியிருக்கும் ‘ஐ’ உருபு, கடிபட்டவன் அவன்தான் என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. அதனால் சொற்களை இடம் மாற்றும் சுதந்திரம் நமக்கு உண்டு.

ஆங்கிலத்தில் இந்த வசதி இல்லை. ‘தி டாக் பிட் தி பாய்’ என்றால் நாய் கடித்தது. பையனை முன்னால் கொண்டுவர ஆசைப்பட்டு ‘தி பாய் பிட் தி டாக்’ என்று எழுதினால், பையன் நாயைக் கடித்துவிடுவான். பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லிலும் அதன் முன்னால் வரும் சுட்டிலும் வேற்றுமை காட்டும் விகுதிகள் இருந்தன. நூற்றாண்டுகள் போக்கில் அவை தேய்ந்துபோய், ‘ஹி – ஹிம்’, ‘ஐ – மீ’ போன்ற சில சொற்களில் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. மற்றபடி ஒரு சொல் எழுவாயா, செயப்படுபொருளா என்பதை அது நிற்கும் இடம்தான் சொல்ல வேண்டும். வினைக்கு முன்னால் நிற்பது எழுவாய். அப்படியானால் கடிபட்ட பையனைப் பற்றிப் பேச விரும்புகிறவர் என்ன செய்வது? பையனை எழுவாய் இடத்தில் நிறுத்தி, வினைச்சொல்லின் உருவத்தை மாற்றிவிட வேண்டும்: ‘தி பாய் வாஸ் பிட்டன்.’

பாசிவ் வாய்ஸின் முதல் வேலை இதுதான். யாரைப் பற்றி, எதைப் பற்றிப் பேசுகிறோமோ அதை வாக்கியத்தின் தலையில் வைப்பது. தமிழில் ‘ஐ’ உருபும் சொல்வரிசையும் சேர்ந்து செய்வதை ஆங்கிலத்தில் பாசிவ் செய்கிறது. அதனால்தான் ஆங்கிலத்தில் பாசிவ் அவ்வளவு சாதாரணமாகப் புழங்குகிறது. ‘பையன் நாயால் கடிக்கப்பட்டான்’ என்று நம் வீட்டில் யாரும் பேசாததற்கும் காரணம் அதுவே. நமக்கு அதற்குத் தேவை இல்லை. ஆங்கில பாசிவைக் கண்ட இடமெல்லாம் ‘ஆல்’, ‘பட்டது’ என்று போட்டு மொழிபெயர்க்கும் பழக்கத்தால் நம் செய்தித்தாள்களும் அரசாணைகளும் எவ்வளவு கரடுமுரடாகிவிட்டன என்பதைத் தனியாக எழுத வேண்டும்.

இரண்டாவது வேலை, செய்தவர் யார் என்று சொல்லாமலே காரியத்தைச் சொல்வது. ‘பஸ்ஸில் பர்ஸை அடித்துவிட்டார்கள்’ என்கிறோம். யார் அந்த ‘ஆர்கள்’? நமக்குத் தெரியாது, கேட்கிறவரும் கேட்க மாட்டார். ‘தண்ணீர் எப்போது விடுவார்கள்?’ என்பதும் இதே வகைதான். எழுவாயே இல்லாமல் விகுதியை வைத்து ஓட்டிவிடலாம். ஆங்கில வாக்கியத்துக்கு எழுவாய் இல்லாமல் ஓடாது. அதனால் அங்கே பர்ஸே எழுவாய் ஆகிவிடுகிறது: ‘மை பர்ஸ் வாஸ் ஸ்டோலன் ஆன் தி பஸ்.’ திருடியவனுக்கு அந்த வாக்கியத்தில் இடம் வேண்டியதில்லை.

இங்கேதான் பள்ளிப் பயிற்சி நம்மைத் தவறான திசையில் கொண்டுபோகிறது. ‘பை’ போடாவிட்டால் விடை முழுமையாகாது என்று நாம் நம்புகிறோம். ‘மை பர்ஸ் வாஸ் ஸ்டோலன் பை சம்ஒன்’ என்று எழுதுகிறோம். யாரோதான் திருடியிருப்பார்கள் என்பது கேட்பவருக்குத் தெரியாதா? இருபதாம் நூற்றாண்டின் பெரிய ஆங்கில இலக்கண நூல்கள் புழக்கத்தில் உள்ள வாக்கியங்களை எண்ணிப் பார்த்துச் சொன்ன கணக்கு, பாசிவ் வாக்கியங்களில் ஏறத்தாழ ஐந்துக்கு நான்கில் ‘பை’ கிடையாது என்பது. நம் பயிற்சிப் புத்தகங்களில் அநேகமாக ஒவ்வொரு விடையிலும் இருக்கிறது. ‘தி தீஃப் வாஸ் அரெஸ்டட்’ என்றால் போதும். கைது செய்வது போலீஸ்தான். ‘பை தி போலீஸ்’ என்று சேர்ப்பது, கைது செய்தது வேறு யாரோ என்று சந்தேகம் வரக்கூடிய இடத்தில் மட்டுமே பொருத்தம்.

அப்படியானால் ‘பை’ எப்போது வேண்டும்? செய்தவர் யார் என்பதே புதிய செய்தியாக இருக்கும்போது. ஆங்கில வாக்கியத்தில் கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்தது முன்னாலும் புதியது பின்னாலும் வருவது இயல்பு. பாம்பன் பாலத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘தி பாம்பன் பிரிட்ஜ் வாஸ் ஓபன்ட் இன் 1914. இட் வாஸ் பேட்லி டேமேஜ்ட் பை எ சைக்ளோன் இன் 1964. இட் வாஸ் ரிப்பேர்ட் இன் 46 டேஸ். இட் வாஸ் ரீப்ளேஸ்ட் பை எ நியூ பிரிட்ஜ் இன் 2025.’ நான்கும் பாசிவ். நான்கிலும் பாலமே எழுவாய். படிப்பவரின் கண் பாலத்தை விட்டு விலகவில்லை. திறந்து வைத்தது யார் என்பது இங்கே தேவைப்படவில்லை, அதனால் ‘பை’ இல்லை. சேதப்படுத்தியது புயல் என்பது புதிய செய்தி, அதனால் ‘பை எ சைக்ளோன்’ வந்தது. 46 நாட்களில் சீரமைத்ததில் பொறியாளர் இ. ஸ்ரீதரனின் பங்கைச் சொல்ல வேண்டுமானால் அங்கேயும் ஒரு சொற்றொடர் சேரும். இதே பத்தியை, பாசிவ் கூடாது என்று யாரோ சொன்னதற்காக ஆக்டிவில் எழுதிப் பாருங்கள். முதல் வாக்கியத்தில் ஆங்கிலேயர் வருவார்கள், இரண்டாவதில் புயல், மூன்றாவதில் பொறியாளர்கள், நான்காவதில் அரசு. பாலத்தைப் பற்றிய பத்தியில் பாலம் மட்டும் ஒவ்வொரு முறையும் பின்வரிசையில் நிற்கும்.

வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘பி’ என்னும் துணைவினையும் வினைச்சொல்லின் மூன்றாவது வடிவமும் சேர்ந்தால் பாசிவ். காலத்தை ‘பி’ சுமக்கிறது: ‘இஸ் மேட்’, ‘வாஸ் மேட்’, ‘வில் பி மேட்’, ‘ஹாஸ் பீன் மேட்’, ‘இஸ் பீயிங் மேட்’. மூன்றாவது வடிவம் அசையாமல் அப்படியே இருக்கிறது. பேச்சில் ‘பி’க்குப் பதில் ‘கெட்’ வருவதும் உண்டு; ‘ஹி காட் ஃபயர்ட்’ என்றால் வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள். விண்ணப்பக் கடிதத்தில் அதை எழுத வேண்டாம். ‘இஸ் பீயிங்’ வடிவத்துக்கு ஒரு கதை உண்டு. வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதை ‘தி ஹவுஸ் இஸ் பில்டிங்’ என்றே ஆங்கிலேயர்கள் ஒரு காலத்தில் எழுதினார்கள். ‘இஸ் பீயிங் பில்ட்’ என்பது பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில்தான் தலைகாட்டியது. அதைக் கண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள் கொதித்தார்கள். ரிச்சர்ட் கிரான்ட் வொயிட் என்ற அமெரிக்கர் 1870இல் வெளியிட்ட நூலில் அதைக் கண்டிப்பதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். இன்று அந்த வடிவம் இல்லாமல் எந்த மேம்பாலப் பணி அறிவிப்பும் எழுத முடியாது.

தமிழ் பேசுகிறவர்கள் வழுக்கி விழும் இடங்கள் சில உண்டு. அவற்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

‘ஆன் ஆக்ஸிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்’ என்பது முதலாவது. பாசிவ் ஆவதற்கு ஒரு செயப்படுபொருள் இருந்தாக வேண்டும். ‘ஹேப்பன்’, ‘அக்கர்’, ‘அரைவ்’, ‘டை’, ‘அப்பியர்’ போன்ற வினைகளுக்கு அது கிடையாது. விபத்து தானாக நடக்கிறது. அதை யாரும் ‘நடப்பதில்லை’. எனவே ‘ஆன் ஆக்ஸிடென்ட் ஹேப்பன்ட்’ என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். செயப்படுபொருள் இருப்பது போலத் தோன்றியும் பாசிவுக்கு இணங்காத சில வினைகளும் உண்டு: ‘ஹேவ்’, ‘லேக்’, ‘ரிசெம்பிள்’, ‘காஸ்ட்’. ‘எ கார் இஸ் ஹேட் பை மீ’ என்று யாரும் சொல்வதில்லை.

‘ஐ வாஸ் பார்ன்’ இதற்கு நேர் எதிர். தமிழில் நாமே பிறக்கிறோம்; ஆங்கிலத்தில் தாய் நம்மைப் பெறுகிறாள். அதனால் அங்கே ‘வாஸ்’ விட முடியாது.

மூன்றாவது, ‘எனக்கு’ என்பதை ‘ஐ’ ஆக்கும் விவகாரம். ‘எனக்கு ஒரு புத்தகம் கொடுத்தார்கள்’ என்பதை ‘எ புக் வாஸ் கிவன் டு மீ’ எனலாம். ‘ஐ வாஸ் கிவன் எ புக்’ என்றும் சொல்லலாம். இரண்டாவதுதான் பேச்சில் அதிகம். கொடுக்கப்பட்டது நான் இல்லையே என்று நமக்குத் தயக்கம் வருகிறது. ஆங்கிலத்துக்கு அந்தத் தயக்கம் இல்லை. ஆனால் இந்தச் சலுகை எல்லா வினைக்கும் கிடையாது. ‘ஐ வாஸ் டோல்ட்’ சரி, ‘ஐ வாஸ் இன்ஃபார்ம்ட்’ சரி. ‘ஐ வாஸ் எக்ஸ்ப்ளெய்ன்ட்’ தவறு. விளக்கப்பட்டது விஷயம், ஆள் இல்லை. ‘இட் வாஸ் எக்ஸ்ப்ளெய்ன்ட் டு மீ’ என்றே சொல்ல வேண்டும். ‘இன்ஃபார்ம்’ இதற்கு மறுபக்கம்: அது ஆளைத்தான் கேட்கும். நம் அலுவலகச் சுற்றறிக்கைகளில் வரும் ‘இட் இஸ் இன்ஃபார்ம்ட் தட்’ என்பது அதனால்தான் உதைக்கிறது. ‘யூ ஆர் இன்ஃபார்ம்ட் தட்’ என்று எழுதினால் சரியாகிவிடும்.

‘மேக்’ என்னும் வினை ஒரு வேடிக்கை. ஆக்டிவில் ‘தே மேட் ஹிம் வெயிட்’. பாசிவில் எங்கிருந்தோ ஒரு ‘டு’ வந்து சேர்ந்துகொள்ளும்: ‘ஹி வாஸ் மேட் டு வெயிட்’. இதற்குப் பெரிய காரணம் தேடாமல் பழகிக்கொள்வதே நல்லது. ‘லுக் ஆஃப்டர்’, ‘லுக் இன்டு’ போன்ற கூட்டு வினைகளில் கடைசிச் சொல் உதிர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘யுவர் கம்ப்ளெய்ன்ட் இஸ் பீயிங் லுக்ட் இன்டு’ என்பது முழு வாக்கியம். வாடிக்கையாளர் சேவை மையத்தைத் தொடர்பு கொண்டவர்கள் அனைவருக்கும் பழக்கமான வாக்கியமும்கூட.

தமிழில் ‘படு’ வந்தாலே பாசிவ் என்று எண்ணுவதும் ஆபத்து. பயப்படு, கவலைப்படு, ஆசைப்படு என்பவற்றில் யாரும் நமக்கு எதையும் செய்யவில்லை. ஆங்கிலத்தில் உணர்ச்சியைச் சொல்லும் ‘இன்ட்ரஸ்டட்’, ‘டயர்ட்’, ‘போர்ட்’ போன்றவை பிறப்பால் பாசிவ், நடப்பில் பெயரடை. இதை மறந்து, சலிப்பாக இருக்கிறது என்று சொல்ல நினைத்து ‘ஐ ஆம் போரிங்’ என்பவர், தன்னோடு பேசுவதே அறுவை என்று ஒப்புக்கொள்கிறார்.

படிக்கும்போது உதவும் ஒரு குறிப்பு. ஆங்கிலச் செய்தித் தலைப்புகளில் ‘பி’யை விழுங்கிவிடுவார்கள். ‘மேன் ஹெல்ட் ஃபார் மர்டர்’ என்றால் அந்த ஆள் யாரையும் பிடிக்கவில்லை, அவனைப் பிடித்திருக்கிறார்கள். ‘டூ கில்ட் இன் ராய்ப்பூர்’ என்றால் இருவர் இறந்திருக்கிறார்கள்; இருவர் சேர்ந்து கொலை செய்யவில்லை. நாளிதழ் வைத்து ஆங்கிலம் பழகுகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பல தலைப்புகள் தெளியும்.

இனி, பாசிவ் கூடவே கூடாது என்று சொல்பவர்களைப் பற்றி. இந்த அறிவுரைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் 1918இல் தம் மாணவர்களுக்காக அச்சிட்ட சிறு கையேட்டில் ஆக்டிவைப் பயன்படுத்தச் சொன்னார். பின்னாளில் எழுத்தாளர் இ. பி. வொயிட் அதைத் திருத்தி விரிவாக்கி 1959இல் வெளியிட்டபின் அது அமெரிக்காவின் இலக்கண வேதம் ஆயிற்று. ஆக்டிவுக்கு மாற்றிக் காட்ட அதில் கொடுத்த வாக்கியங்கள் பலவும் பாசிவே இல்லை என்று மொழியியலாளர் ஜெஃப்ரி புல்லம் 2009இல் கிண்டலாக எழுதினார். ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலும், ஆக்டிவ் போட முடிந்த இடத்தில் பாசிவ் போடாதே என்று விதி உண்டு. அந்தக் கட்டுரையின் முதல் வாக்கியத்திலேயே ஒரு பாசிவ் இருக்கிறது. ஆர்வெலைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அந்த இடத்தில் பாசிவ்தான் பொருத்தம். நல்ல எழுத்தாளரின் காது அதைப் போட்டது, அவருடைய விதி அதைப் பார்க்கவில்லை.

அவர்கள் பயந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. செய்தவரை மறைக்கப் பாசிவ் வசதியானது. ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரம் வெடித்தபின், 1987 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் பேசிய அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன், ‘சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்’ என்றார். தவறுகள் நடந்தன, செய்தது யார் என்பதற்கு வாக்கியத்தில் இடமில்லை. அவருக்கு முன்னும் பின்னும் பல அரசியல்வாதிகள் அதே சொற்றொடருக்குள் ஒளிந்திருக்கிறார்கள். ஆனால் பழியைப் பாசிவ் மேல் மட்டும் போடுவது நியாயமில்லை. ‘சம்திங் வென்ட் ராங்’ என்பது சுத்தமான ஆக்டிவ். அதில் யார் பெயர் இருக்கிறது? கையில் இருந்து டம்ளரைப் போட்டு உடைத்த பிள்ளை ‘டம்ளர் உடைஞ்சிடுச்சும்மா’ என்று சொல்வதும் பாசிவ் இல்லை. செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்லும் இந்த வழக்கைத் தொல்காப்பியமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. உரையாசிரியர்கள் அதற்கு ‘திண்ணை மெழுகிற்று’ என்று உதாரணம் காட்டினார்கள். மறைக்க நினைப்பவருக்கு எந்த வாய்ஸும் உதவும்.

அறிவியல் எழுத்திலும் பாசிவ் கட்டாயம் என்று ஒரு நம்பிக்கை நம் கல்லூரிகளில் உண்டு. ‘வீ’ என்று எழுதினால் மேற்பார்வையாளர் அடித்துவிடுவார். டிஎன்ஏயின் வடிவத்தை அறிவித்த வாட்சன், கிரிக் இருவரின் 1953ஆம் ஆண்டுக் கட்டுரை ‘வீ’ என்றே தொடங்குகிறது. சோதனையில் என்ன செய்தார்கள் என்று விவரிக்கும் பகுதியில் பாசிவ் இயல்பாக வரும், ஏனென்றால் கரைசலைச் சூடாக்கியது யார் என்று எவருக்கும் அக்கறை இல்லை. ‘இது எங்கள் முடிவு’ என்று பொறுப்பேற்க வேண்டிய இடத்தில் ‘வீ’தான் நேர்மை.

கடைகளில் தொங்கும் ‘கூட்ஸ் ஒன்ஸ் சோல்டு வில் நாட் பி டேக்கன் பேக்’ பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘நாங்கள் திரும்ப வாங்க மாட்டோம்’ என்று எழுதினால் முதலாளி வாசலில் நின்று சண்டைக்கு வருவது போல் இருக்கும். பாசிவில் எழுதியதும் அது உலகப் பொது விதிபோல் ஆகிவிடுகிறது. யாரிடம் போய் வாதாடுவது? அதிகாரத்தின் குரலுக்கும் மரியாதையின் குரலுக்கும் பாசிவ் ஒத்துப்போவது இதனால்தான். ‘யூ ஆர் ரிக்வெஸ்டட்’ என்பதில் கேட்டுக்கொள்பவர் முகம் தெரியாது. கட்டளையின் கூர் மழுங்குகிறது.

நீங்கள் எழுதும்போது இரண்டு கேள்விகள் போதும். இந்த வாக்கியம் யாரைப் பற்றியது? செய்தவர் யார் என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டுமா? முதல் கேள்விக்கு விடையானவரை எழுவாயாக நிறுத்துங்கள். அவரே செய்தவராக இருந்தால் ஆக்டிவ். அவருக்கு எதுவோ நேர்ந்திருந்தால் பாசிவ். இரண்டாவதற்கு ‘வேண்டும்’ என்றால் ‘பை’. வேண்டாம் என்றால் முற்றுப்புள்ளி. புகார்க் கடிதத்தில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. உங்கள் மனுவை இன்னார் வாங்க மறுத்தார் என்பது தெரிந்திருந்தால் ஆக்டிவில் எழுதுங்கள். ‘மை பெட்டிஷன் வாஸ் நாட் அக்செப்டட்’ என்று எழுதினால், பதில் சொல்ல வேண்டியவரை நீங்களே காப்பாற்றிவிடுகிறீர்கள்.

தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘ஓபன் தி டோர்’ என்பதை மாற்றச் சொன்னால் ‘லெட் தி டோர் பி ஓபன்ட்’ என்றும், ‘ஹூ டிட் திஸ்’ என்பதற்கு ‘பை ஹூம் வாஸ் திஸ் டன்’ என்றும் எழுதுங்கள். ரென் – மார்ட்டின் இலக்கண நூல் காலத்துப் பயிற்சி அது, மதிப்பெண்ணை விட்டுக்கொடுக்காதீர்கள். தேர்வறையை விட்டு வெளியே வந்தபின் யாரிடமும் அப்படிப் பேசிவிடாதீர்கள்.